ரெண்டு வாத்தியார், அஞ்சு நாள்

சூப்பர் கம்ப்யூட்டர்னு சொன்னாலே நம்மாளுங்க கேக்கிற கேள்வி ஒண்ணுதான். உலகத்துல எத்தனாவது இடம்? அதுல நிரல் எழுதப்போற பசங்களுக்கு யாரு சொல்லித்தர்றாங்கன்னு ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்கிற முறையில எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாத் தோணுது.

அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கு. 2012-ல அங்க டைட்டன்னு ஒரு மெஷின் வந்துச்சு. 18,688 நோடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சாதா ப்ராசஸர், கூடவே ஒரு ஜி.பி.யூ. மெஷினோட பலத்துல பெரும்பங்கு அந்த ஜி.பி.யூ.கிட்டதான். ஆனா விஞ்ஞானிங்க கையில இருந்த பழைய நிரல்கள் பலதுக்கு அதைத் தொடவே தெரியாது. புல்லட் வாங்கிட்டு அதைத் தள்ளிக்கிட்டே ஆபீஸ் போற கதை.

இதுக்காக 2014-ல அவங்க ஹேக்கத்தான் நடத்த ஆரம்பிச்சாங்க. ராத்திரி பூரா பீட்சா தின்னுட்டு காலையில ஒரு ஆப் காட்டுற சமாச்சாரம் இல்லைங்க. ஆராய்ச்சிக் குழு தன்னோட சொந்த நிரலைக் கொண்டு வரணும். மூணுலேர்ந்து ஆறு பேர், அதுல நிறைய பேர் பி.எச்.டி. மாணவர்கள். குழுவுக்கு வழக்கமா ரெண்டு வழிகாட்டிங்க, சுமார் அஞ்சு நாள் கூடவே உக்காந்திருப்பாங்க.

நம்ம இன்ஜினியரிங் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஞாபகம் வருதா? நாலு பேர் டீம். ஒருத்தன் கோட் அடிப்பான், ஒருத்தன் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குத் தூக்கிட்டுப் போவான், மிச்ச ரெண்டு பேர் வைவா அன்னிக்கு டை கட்டிட்டு வருவாங்க. கைடு கையெழுத்து போடுவார். டீமும் உண்டு, வழிகாட்டியும் உண்டு, சரக்குதான் இருக்காது :-)

வித்தியாசம் எங்க இருக்குன்னா, நல்ல வழிகாட்டி கீபோர்டைத் தொட மாட்டார். முதல்ல "எங்க நேரம் போகுதுன்னு அளந்தியா?"ன்னு கேப்பார். அமெரிக்காவுல பி.எச்.டி. பண்ற என் நண்பன் இப்படி ஒண்ணுல கலந்துகிட்டான். ஒரு ஃபங்ஷன்தான் வில்லன்னு சத்தியம் பண்ணாத குறையாப் போயிருக்காங்க. ப்ரொஃபைலர் ஓட்டிப் பார்த்தா அது எடுத்துக்கிட்டது மொத்த நேரத்துல 5 சதவீதம். ஜீன் அம்டால் 1967-லயே சொன்ன கணக்குதான். அந்த 5 சதவீதத்தைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் மொத்தத்துல மிச்சமாகிறது 4.5 சதவீதம். உண்மையான வில்லன், ஒவ்வொரு சுற்றுக்கும் டேட்டாவை ப்ராசஸர்லேர்ந்து ஜி.பி.யூ.வுக்கும், திரும்ப இந்தப் பக்கமும் தூக்கிச் சுமந்தது. கைடுக்கு பிசிக்ஸ் தெரியும், இது தெரியாது. தனியா உக்காந்திருந்தா அந்தப் பையன் ஆறு மாசம் தப்பான கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருப்பான்.

இதுல எனக்குப் பிடிக்காத விஷயம், கடைசி நாள் ஸ்லைடு. எத்தனை மடங்கு வேகம்னு ஒரு நம்பர். அதுக்குத்தான் கைதட்டு. டைட்டனை 2019-ல நிறுத்திட்டாங்க. அது என்விடியா மெஷின். அதே ஓக் ரிட்ஜ்ல 2022-ல வந்த ஃப்ரான்டியர்ல இருக்கிறது ஏ.எம்.டி. ஜி.பி.யூ. கூடா-ல எழுதினவங்க திரும்ப மாத்தி எழுதணும். பழைய நம்பரை வெச்சு என்ன செய்ய? அளந்துட்டுக் கை வைக்கிற பழக்கம் மட்டும் எந்த மெஷினுக்கும் கூடவே வரும், ஆனா அதை ஸ்லைடுல காட்ட முடியாது பாருங்க.

அதனால அஞ்சு நாளை விட நீளமா நடக்கிற ஏற்பாடுகள் எனக்கு உசத்தியாத் தெரியுது. லாஸ் அலமாஸ்ல 2011-ல தொடங்கின கோடிசைன் கோடைப்பள்ளி அப்படி ஒண்ணு. பிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர்னு வேற வேற துறை மாணவர்களைக் கோடை முழுக்க ஒரே பிரச்சனையில உக்கார வெச்சாங்க. அடுத்தவன் பாஷை புரியவே ரெண்டு வாரம் ஆகுமே சாமி.

ஊருக்குத் திரும்பினதும்தான் நிஜமான சிக்கல். என் நண்பனோட கைடு கேட்டது, "இதுல எத்தனை பேப்பர் வரும்?" அவ்வளவுதான். நிரலைச் சீர்படுத்தினது ஆய்வேட்டுல ஒரு பக்கம் கூட வராது, டிகிரியும் ஒரு நாள் முன்னாடி வராது. 2012-ல பிரிட்டன்ல சிலர் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்னு இந்த வேலைக்கு ஒரு பேரே வெச்சாங்க. பேர் வெச்சது சரி, மாணவனுக்கு மார்க்கும் வேணும்ல? பல்கலைக்கழகங்கள் இந்த வேலையை ஆய்வேட்டுல ஒரு முழு அத்தியாயமா ஏத்துக்கணும்ங்கிறது என் கட்சி.

"பிசிக்ஸ் படிக்க வந்தவன் கோட் அடிச்சா எப்படி?"ன்னு கேப்பீங்க. டெலஸ்கோப்பைச் சரி பண்ற மாணவனைப் பார்த்து "நீ ஏன் வானத்தைப் பார்க்காம ஸ்பானர் பிடிக்கிறே?"ன்னு யாராவது கேக்கிறாங்களா?

பி.எச்.டி. பண்ற மக்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க கைடு என்ன சொன்னார்னு பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க.