மடங்கிய விரல்கள்

பசறைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து பயிலும் மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். 40 ஆண்டுகள் கொழுந்து பறித்த அவனுடைய அப்பாயி, உறக்கத்திலேயே உயிர் நீத்துவிட்டார். விடிந்து பார்த்தபோது மடங்கிய விரல்களை விரிக்க முடியவில்லையாம். "ஆசை அடங்காமல் போனவள், அதுதான் கை விரியவில்லை" என்று லயத்தில் யாரோ கூறிய சொல் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. "அது உண்மைதானா, சேர்?" என்றான்.

உண்மையன்று. காரணம் மனத்தில் இல்லை, தசையில் இருக்கிறது.

தசைக் கலங்களில் அக்ரின் என்னும் புரதம் மெல்லிய இழைகளாக அமைந்துள்ளது. 1942இல், ஹங்கேரியின் செகெட் நகரில், சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஸ்ட்ரௌப் என்பவர் இதனைக் கண்டறிந்தார். இதன் அருகே மயோசின் என்னும் மற்றொரு புரதம் தடித்த இழைகளாக இருக்கிறது. மயோசினின் சின்னஞ்சிறு தலைகள் அக்ரினைப் பற்றி இழுக்கும். பின்பு விட்டு, சற்று அப்பால் மறுபடியும் பற்றும். கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி நாம் இழுப்பதில்லையா? அது போன்றதே இதுவும். கொழுந்து கிள்ளும் விரல் மடங்குவது இவ்வாறுதான்.

தசை ஓய்ந்திருக்கையில், அக்ரினில் பற்றுதற்குரிய இடங்களை வேறொரு புரதம் மூடிக் காக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் தசைக்குள் கல்சியம் பெருகும், மூடியும் விலகும்.

வியப்பு யாதெனில், பற்றிய தலை விடுபடுவதற்கும் ஏ.ரீ.பி. என்னும் சக்திப் பொருள் வந்து அதனோடு சேர வேண்டும் என்பதே. மூச்சு நின்றபின் உடலில் அப்பொருள் சிறிது சிறிதாகத் தீர்ந்துவிடுகிறது. கல்சியமோ கட்டின்றிக் கசிகிறது. பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைப்பது இதனாலேயாம். ஓரிரு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்க, விறைப்பும் தளரும். உயிர் பிரிந்தவுடன் கைகால்களை நீட்டி, வாய்க்கட்டும் கால்கட்டும் இடும் நம் முதியோர் இவ்விறைப்பை அனுபவத்தால் அறிந்தவர்களே. அந்த மூதாட்டியின் அருகில் அவ்விரவு அதனைச் செய்ய எவரும் விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

"உன் அப்பாயி எதையும் பற்றிக்கொண்டு போகவில்லை, தம்பி. விடுவதற்கு வேண்டிய சக்திதான் தீர்ந்துவிட்டது" என்றேன். அவன் முகம் தெளிந்தது. "இதை அப்பாவிடமும் சொல்ல வேண்டும், சேர்" என்றான்.

மாணவர்களே, நீங்களும் கற்றதை வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள். துயருற்ற வீட்டில் ஒரு வீண் பழியையேனும் அது துடைக்குமாயின், கற்றதன் பயன் கைகூடியதாகும்.