எண்ணிக்கைக்கு அஞ்சிய அரசு!

எண்ணுதல் என்றால் சிந்தித்தல். எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். இரு பொருளையும் ஒரே சொல்லில் ஏந்தி நிற்கிறது தமிழ். எண்ணிப் பார்க்க மறுப்பவனே எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுகிறான்! பிரேசில் நாட்டிலே அந்த அச்சம் ஆட்சிப் பீடத்திலேயே அமர்ந்திருந்தது.

2020 மே, ஜூன் திங்களில், கொரோனாக் கொள்ளைநோய் அந்நாட்டை அலைக்கழித்த வேளை, பெலோட்டாஸ் பல்கலைக் கழகத்தார் 133 நகரங்களிலே வீடு வீடாகச் சென்று குருதியைச் சோதித்தனர். கிருமி தீண்டியவரின் குருதியிலே, அதனை எதிர்த்துப் போரிட்ட புரதம் சில காலம் தங்கியிருக்கும். படுக்கையில் விழாதவரையும் தொற்று தொட்டதா என்று அது காட்டிவிடும். காட்டியது என்ன? வெள்ளையரிலே 1.4 சதவிகிதம், பழங்குடி மக்களிலே 6.4 சதவிகிதம்! கிருமிக்கு நிறபேதம் தெரியாது, தோழர்களே! சமுதாயத்துக்குத் தெரியும்!

உண்மை கிடைத்தது, உயிர் காக்க ஓடினரா ஆள்வோர்? ஆய்வுத் தலைவர் பெட்ரோ ஹல்லால், 2021 இல் லான்செட் இதழிலே எழுதினார். அதிபர் மாளிகையிலே முடிவுகளை அறிவிக்கச் சென்றாராம். கால்மணி நேரமே இருக்கையில், பழங்குடியினர் நிலைகாட்டும் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்றனராம்! பின்னர் அந்த ஆய்வுக்கு அரசு தந்த பணமும் நின்றது. காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்தால், காய்ச்சல் தணிந்துவிடுமா?

2021 சனவரியிலே தடுப்பூசி வந்தது. பழங்குடியினர்க்கு முன்னுரிமை என்றனர். யாருக்கு? பழங்குடி நிலத்திலே வாழ்வோர்க்கு மட்டும்! 2010 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஏறத்தாழ 9 இலட்சம் பழங்குடி மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நகரவாசிகள். காட்டை விட்டுக் கூலிக்கு வந்தவன், குலத்தையும் விட்டுவிட்டானா? அவர்களுள் பொது மருத்துவம் எட்டாதவர்க்கும் முன்னுரிமை தருக என்று, அந்த ஆண்டு மார்ச்சிலே உச்சநீதிமன்ற நீதிபதி பரோசோ ஆணையிட வேண்டி வந்தது!

இடையிலே புகுந்தது மூடநம்பிக்கை. தடுப்பூசி போட்டு முதலையாக மாறினால் அது உங்கள் பாடு என்று, 2020 டிசம்பரிலே கேலி பேசினார் அதிபர் பொல்சொனாரோ. அமேசான் காட்டிலே ஜமமாதி மக்களின் ஊர் ஒன்றிலே, ஊசியோடு வந்தவர்களை வில்லும் அம்பும் எதிர்கொண்டதாக 2021 பிப்ரவரியிலே செய்தி வந்தது. மதபோதகர்களே அச்சத்தை விதைத்தனர் எனப் பழங்குடித் தலைவர்கள் குற்றஞ்சாட்டினர். வில்லேந்திய ஏழையை ஏசுவோர், விதைத்தவனை விட்டுவிடலாமா?

ஆனால், அந்த விதை முளைக்க நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது யார்? இங்கே நாமும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களிலே அமெரிக்க ஆய்வாளர்கள் யானோமாமி மக்களின் குருதியைக் குப்பி குப்பியாக எடுத்துச் சென்றனர். கொடுத்தவர் இறந்த பின்னும், குளிர்பெட்டியிலே கிடந்தது குருதி. இறந்தவரின் எச்சம் எதுவும் எஞ்சலாகாது என்பது அம்மக்களின் மரபு. எத்தனையோ ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2015 இல்தான் திரும்பப் பெற்றுப் புதைத்தனர். அதுவும் மூடநம்பிக்கைதானே என்று முறுவலிப்பார் சில பகுத்தறிவாளர். பொறு நண்பா! குருதி யாருடையது? எதற்கு என்று விளக்கினரா? முடிவைச் சொன்னரா? விளக்காமல் எடுப்பது விஞ்ஞானமன்று. வெள்ளைச் சட்டை அணிந்த ஆதிக்கம்! ஒருமுறை ஏமாற்றப்பட்டவன் மறுமுறை ஊசியைக் கண்டு ஐயுறுவதும் ஒருவகைப் பகுத்தறிவே!

ஆகவே, அளப்பதை எதிர்ப்போரும் நமக்கு ஆகாதார். அளந்துவிட்டு அகல்வோரும் ஆகாதார். கேட்டு எடுங்கள் குருதியை! எடுத்தவரிடமே திரும்ப வந்து, அவர் மொழியிலே சொல்லுங்கள் முடிவை! சொன்ன கையோடு கொடுங்கள் தடுப்பூசியை! எண்ணப்படுவோர் வெறும் எண்கள் அல்லர். எண்ணத் தெரிந்த மாந்தர்!