உம்ராவுக்கு எந்த மாதம்?

கடந்த வாரம் அடுத்த தெரு இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய இரண்டு காக்காமாரும் சேர்ந்து வாப்பாவையும் உம்மாவையும் உம்ராவுக்கு அனுப்பத் தீர்மானித்திருக்கிறார்கள். முற்பணமும் கட்டியாயிற்று. பயணம் ஜூலை மாதத்தில். துஆச் செய்யுமாறு கேட்கத்தான் வந்தார். நானோ மாதத்தை மாற்றுமாறு சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"நமக்குத் தெரியாத வெயிலா சாச்சா?" என்றார்.

மாவடிப்பள்ளியில் பிறந்தவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் வயல்வெளி முழுவதும் அனலாகிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குக் காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்க எவரும் துணியமாட்டார்கள். ஆனால், எமது வெயில் வேறு, அந்த வெயில் வேறு. இங்கே பாதரசம் 35 பாகையைச் சற்றுத் தாண்டினாலே ஊர் முறையிடும். மக்காவில் ஜூன் மாதத்துச் சராசரிப் பகல் உச்சமே 43 பாகைக்கு மேல். இரவிலும் வெப்பம் 30 பாகையை ஒட்டியே நிற்கும். மலைகளுக்கு நடுவே அமைந்த பள்ளத்தாக்கு அது. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைக் கற்பாறைகள் இரவில் திருப்பிக் கொடுக்கின்றன.

அதைவிட ஆபத்தான வேறுபாடு ஒன்றுண்டு. கடலோரத்து மனிதனுக்கு வியர்வைதான் எச்சரிக்கை மணி. சட்டை நனைந்தால் நிழலுக்கு ஒதுங்குவான், தண்ணீர் கேட்பான். பாலைநிலத்தின் வறண்ட காற்றில் வியர்வை அரும்பும் முன்னரே உலர்ந்துவிடுகிறது. உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும், ஆளுக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுக்கும் முதியவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. எமதூரில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் மாத்திரைப் பை இல்லாதவர் எத்தனை பேர்?

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2011 ஜூன் மாதத்தில் என் உம்மாவை நான்தான் அழைத்துச் சென்றேன். தம்பிக்கு டோஹாவில் அப்போதுதான் விடுமுறை கிடைத்தது. கட்டணமும் மலிவாக இருந்தது. அந்த மலிவின் பொருள் ஹோட்டலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஹரத்துக்கு நடந்து போக இருபது நிமிடம். தவாஃப் செய்யும் இடத்தில் பதித்திருக்கும் வெண்பளிங்கு கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவிலிருந்து வந்தது. கொளுத்தும் வெயிலிலும் பாதம் சுடாது. ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை நடக்கும் மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமும் குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள்தான். உம்மா அவையனைத்தையும் சிரித்த முகத்துடன் முடித்தார். மூன்றாம் நாள் ளுஹர் தொழுதுவிட்டு அறைக்குத் திரும்பும் வழியில், அந்த இருபது நிமிட வீதியில், என் தோளைப் பிடித்தபடி அப்படியே அமர்ந்துவிட்டார். பேச்சுக் குழறியது. என் பெயரைக் கேட்டேன், வாப்பாவின் பெயரைச் சொன்னார். வைத்தியசாலையில் இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றினார்கள். அல்லாஹ்வின் அருளால் மீண்டார். மதீனா செல்லும் பாக்கியம் அந்தப் பயணத்தில் அவருக்குக் கிட்டவில்லை, அதன் பின்னரும் கிட்டவில்லை. அந்த மாதத்தைத் தெரிவு செய்தவன் நான்.

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் உம்ரா விளம்பரங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. ஹோட்டலின் நட்சத்திரம் இருக்கும், இலங்கைச் சமையல் இருக்கும், வழிகாட்டும் மௌலவியின் படம் இருக்கும். அந்த மாதத்தில் அங்கே எத்தனை பாகை வெப்பம் என்ற ஒரு வரியை நான் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

வளைகுடா நாட்டவர்கள் தங்கள் கோடையை நன்கு அறிவார்கள். சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்குவது தடை. கட்டாரில் அந்தத் தடை ஜூன் மாத ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தையே வழமையான ஜூன், ஜூலையிலிருந்து நவம்பர், டிசம்பருக்கு மாற்றினார்கள். இருபது வயது விளையாட்டு வீரனுக்காகப் போட்டியைத் தள்ளி வைக்கிறது உலகம். எழுபது வயது உம்மாவுக்காக மகனின் விடுமுறையைத் தள்ளி வைக்க எமக்கு மனம் வருவதில்லை. மக்கத்துக் குறைஷியர் தமது வணிகப் பயணத்தை மாரியில் யெமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் என்று பருவம் பார்த்துப் பிரித்திருந்தார்கள் என்பதை எமது மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

ஹஜ்ஜின் கதை வேறு. அதன் நாட்கள் பிறையோடு நகர்பவை. இலங்கைக்குக் கிடைத்துவந்த 3,500 இடங்களுக்குள் பெயர் வந்தால் எந்த வெயிலென்றாலும் போகத்தான் வேண்டும். 2024 ஜூனில் ஹரம் ஷரீஃபில் 51.8 பாகை பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணித்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அனுமதிப் பத்திரமின்றி, கூடாரமோ வாகனமோ கிடைக்காமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகரும் ஹஜ், 2026 இல் மே மாதத்துக்கு வந்துவிட்டது. 2030களின் நடுப்பகுதியில் பெப்ரவரியை எட்டும். எழுபது வயதுக்காரரை அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது. உம்ராவுக்கோ இந்த நெருக்கடி இல்லை. தெரிவு எமது கையில் இருக்கும்போது, இருக்கும் மாதங்களிலேயே கடுமையானதை ஏன் எடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை மக்காவின் பகல் 30 பாகையளவில் நிற்கும். மதீனா அதைவிடக் குளிர்ச்சி. ஸுப்ஹுக்குப் போகும் எமதூர் முதியவர்களுக்குச் சால்வையும் காலுறையும் அவசியம். மழை வந்தால் அங்கும் விளையாட்டல்ல. 2009 நவம்பரில் ஹஜ் காலத்தில் ஜித்தாவில் பெய்த மழையில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும் அது என்றோ ஒருநாள் வருவது. ஜூலை வெயில் தினமும் வருவது.

சிக்கல் என்னவென்றால், இவ்வருடங்களில் ரமழானும் அந்த நல்ல மாதங்களிலேயே வந்து அமர்ந்திருக்கிறது. 2027 இல் பெப்ரவரி, 2028 இல் ஜனவரி இறுதி, 2030 இல் ஒரே ஆண்டில் இரண்டு தடவைகள். எமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில்தான் விடுமுறை என்பதால் ஆசிரியர்கள் அப்போதே புறப்பட விரும்புகிறார்கள். நன்மை பெரிது, நெரிசலும் கட்டணமும் அதற்கு ஈடாகப் பெரியவை. முழங்கால் வலியுள்ளவரை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டு செல்ல நான் சம்மதியேன். ஆகவே 2027, 2028 ஆம் ஆண்டுகளின் ரமழானுக்கு முன்னர், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முற்பகுதி வரையான நாட்களே முதியவர்களுக்கு மிஞ்சுகின்றன. சிறுபோக நெல் விற்ற பணத்தை ஒதுக்கிவைத்து, பெரும்போக விதைப்பை முடித்துவிட்டுப் புறப்படலாம்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் எழுப்பிய தடை நான் எதிர்பார்த்திராதது. மார்கழியில் வாப்பாவும் உம்மாவும் இல்லாத வீட்டில் வெள்ளம் புகுந்தால் என்ன செய்வது? எமதூரில் இது வெற்றுக் கேள்வியல்ல. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, நான் மேலே குறிப்பிட்ட அதே காரைதீவு வீதியில்தான், மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களைக் கண்ட ஊர் இது. மழை மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக எவருக்கும் மனம் வராது.

நேற்றிரவு அவர் தொலைபேசியில் பேசினார். காக்காமார் இணங்கிவிட்டார்களாம். முகவர் மேலதிகமாகக் கேட்கும் பணத்தை மூவரும் பகிர்ந்துகொள்ளப் போகிறார்களாம்.

"ஆட்டையும் கோழியையும் ஆரு பார்க்கிற சாச்சா?" என்று கேட்டார்.

எங்கள் வளவு சற்று மேட்டுநிலம். கொண்டுவந்து கட்டச் சொல்லியிருக்கிறேன்.