கேட்காமல் விட்ட கேள்வி

கேமரா திறப்பு விழா என்றால் க்ரைம் பீட் பார்க்கும் எங்களுக்கு எழுதச் சுலபமான செய்தி. அதிகாரி பொத்தானை அழுத்துவார். படம் கிடைக்கும், பிரஸ் நோட்டும் கைக்கு வரும். எத்தனை கேமரா, எவ்வளவு செலவு, பணம் கொடுத்தது யார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். 2019-ல் அண்ணா நகர்ச் சந்திப்புகளில் நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமராக்கள் வந்தபோதும் இப்படித்தான் எழுதினோம். ஹெல்மெட் போடாதவர் இனித் தப்ப முடியாது என்றோம். ஹெல்மெட் போட்டு, சிக்னலில் நின்று, ஒழுங்காகப் போனவரின் வண்டியும் அதே கேமராவில் பதிகிறதே, அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், அதை யார் எடுத்துப் பார்க்கலாம் என்று நாங்கள் கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் அப்போது கேமரா இல்லை. அதைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களும் நாங்கள்தான். எழுதியதில் தவறில்லை. ஆனால் அன்றிலிருந்து கேமரா பற்றி எது வந்தாலும் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். தெருவுக்குத் தெரு கேமரா வைக்கும் திட்டத்துக்குச் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தது. எங்கள் தலைப்புகளிலும் அதே பெயர் ஏறியது.

பெரிய பிழை சொல்லில் நடந்தது. நகைக்கடை வாசலில் இருப்பதையும் நம்பர் பிளேட் படிப்பதையும் ஒரே 'சிசிடிவி' என்று எழுதிவந்தோம். இரண்டும் ஒன்றல்ல. கடை வாசல் கேமராவில் ஒரு வண்டியைத் தேட வேண்டுமானால், ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றது பிளேட்டை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றி, இடமும் நேரமும் சேர்த்து, பட்டியலில் போட்டுவிடும். பட்டியலை அழிக்காமல் வைத்திருந்தால், ஒரு பதிவெண்ணைத் தட்டியதும் அந்த வண்டி கேமராக்களைக் கடந்த இடங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமைதோறும் புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் போனது, போராட்டத்தன்று சங்க அலுவலகச் சாலையில் திரும்பியது எல்லாமே தெரியும். செயின் பறித்தவனின் பைக்கைப் பிடிக்க இது உதவும், மறுக்கவில்லை. திருட்டு வண்டிப் பட்டியலில் இல்லாத வண்டியின் பதிவை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வேறு ஊர்களில் கேட்டார்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2008 மார்ச்சில், தேடப்படும் பட்டியலோடு பொருந்தாத பதிவெண்ணை உடனே அழித்துவிட வேண்டும் என்றது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் இரண்டு பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கு மேற்பட்ட கேமராக்களை நிறுத்தினார்கள். அவற்றில் நம்பர் பிளேட் படிப்பவையும் இருந்தன. தெருக் குற்றத்தைத் தடுக்கத்தான் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்பதை 2010-ல் வெளியே கொண்டுவந்தது 'கார்டியன்' பத்திரிகை. காவல்துறை மன்னிப்புக் கேட்டது, மறு ஆண்டு கேமராக்கள் இறக்கப்பட்டன. நாங்கள் செய்யும் அதே தொழிலைச் செய்தவர்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதால் நடந்தது அது.

இங்கே தேடிப் போக வேண்டிய தூரம்கூட அதிகமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்ந்த 167ஏ, மின்னணுக் கருவி கண்காணிக்கும் சாலைப் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்கிறது. பலகை எங்கெல்லாம் இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் போய் எண்ணவில்லை. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களைத் தனியாருக்குக் கொடுத்து 65 கோடி ரூபாய் வந்ததாக 2019 ஜூலையில் மத்திய அரசே மாநிலங்களவையில் சொன்னது. அதற்கு நாங்கள் கொடுத்தது உள்பக்கத்தில் நாலு வரி. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது முதல் பக்கம் முழுக்கக் கொண்டாடினோம். 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத்தைத் தடுக்கவும் விசாரிக்கவும் தகவலைக் கையாள்வோருக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தந்தது. அந்தப் பிரிவை எங்களில் எத்தனை பேர் படித்தோம்?

வாசகர் கடிதங்களும் வந்தன. வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டருக்குப் போகாத ஊரில் இ-சலான் விழுந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். எழுத்து தப்பாகப் படிக்கப்பட்டதா, போலிப் பிளேட்டா என்று விசாரிக்காமல் அதைச் சுவையான பெட்டிச் செய்தியாக்கினோம். அவருக்கு அது அலைச்சல். எங்களுக்குப் பக்கம் நிரம்பியது.

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பத்து ரூபாயை இதற்காக நாங்கள் செலவழிக்கவில்லை. உங்கள் ஊரிலும் கேமரா திறப்பு விழா நடக்கும், எங்களில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே நிற்பார். தப்புச் செய்யாத வண்டியின் பதிவு எத்தனை நாளில் அழியும் என்று அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் பத்திரிகையில் பதில் இல்லையென்றால் எங்களுக்கு எழுதுங்கள்.