பட்டியலில் ஏறியவர்களும் ஏறாதவர்களும்

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கு வேறான பாலினத்தைத் தமதாக உணர்வோரையும், தம் பாலினத்தாரிடமே ஈர்ப்புக் கொள்வோரையும் ஒருசேரக் குறிக்கப் பால்புதுமையினர் என்ற சொல் தமிழில் வழங்கிவருகிறது. இவர்களுடைய இன்றைய அடையாளங்களை உலகமயமாதல் உருவாக்கியது என்று பேசப்படும்போது வானவில் கொடியும் திரைப்படங்களும் இணையமும் பன்னாட்டு நிறுவனங்களின் விளம்பரங்களுமே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவை பரவுவதற்கு முன்பே வந்து, இவற்றைவிட ஆழமாக வேரூன்றியது எய்ட்ஸ் தடுப்புக்கென வந்த வெளிநாட்டு நிதி. யார் பேசலாம், எந்தப் பெயரில் பேசலாம், எதைக் கேட்கலாம் என்பவற்றைப் பெருமளவுக்கு அந்த நிதியின் போக்கே தீர்மானித்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டது. 1992இல் உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடனுதவியோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1995இல் அமெரிக்க அரசின் உதவி முகமையான யுஎஸ்எய்ட், சென்னை வி.எச்.எஸ். நிறுவனத்தின் வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கு வந்தது. நிதி கொடுப்போருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட ஆட்களை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஒரு வகைப்பாடு வேண்டும். அவ்வாறு வந்து சேர்ந்ததே எம்.எஸ்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்ற வகை. ஒருவர் தம்மை யாரென்று கருதுகிறார் என்பதை ஒதுக்கிவிட்டு, அவருடைய செயலை மட்டும் கொண்டு தொற்றின் அபாயத்தை அளப்பதற்காக மேலைநாட்டு நோய்ப்பரவலியல் அறிஞர்கள் 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வகைப்பாடு அது.

அதன்கீழ் தமிழகத்து ஊர்களில் நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. பேருந்து நிலையங்களிலும் பூங்காக்களிலும் காவலருக்கு அஞ்சியே சந்தித்துவந்தவர்களுக்குப் பகலில் கூடிப் பேச ஓர் அறை கிடைத்தது. ஆணுறை வழங்கவும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் அவர்களிலிருந்தே களப்பணியாளர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். பெண்தன்மை கொண்ட ஆண்கள் தம்மைக் குறிக்கத் தமக்குள் வழங்கிவந்த கோத்தி என்ற சொல்லும், தம் ஆண் துணைவரைக் குறித்த பந்தி என்ற சொல்லும் திட்ட ஆவணங்களில் உட்பிரிவுகளாக ஏறின. தம்மைப் பெண்ணென்றே உணரும் திருநங்கையரும் நெடுங்காலம் அதே ‘ஆண்கள்’ பட்டியலில்தான் எண்ணப்பட்டார்கள். மூத்தவர் தாயாகவும் இளையவர் மகளாகவும் ஏற்றுக்கொள்ளும் ஜமாத் என்ற உறவமைப்பே, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையருக்குச் சோறும் கூரையும் அளித்து, நோயிலும் மூப்பிலும் துணைநின்று வந்தது. அதற்குள் கட்டுப்பாடும் கடுமையும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் கடமைகள் அத்தனையும் சுமந்த அவ்வமைப்பை, செய்தி பரப்பும் வாய்க்காலாக மட்டும் திட்டங்கள் கண்டது பெரும் பிழை.

சட்டத்தின் முன் நிற்கும் வழியையும் இந்த நிதியோட்டமே திறந்துவிட்டது. எய்ட்ஸ் தடுப்புப் பணியில் ஈடுபட்ட நாஸ் அறக்கட்டளை, தற்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எதிர்த்து 2001இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அப்பிரிவு எய்ட்ஸ் தடுப்புப் பணிக்குத் தடையாக இருக்கிறது என்பது முதன்மையான வாதங்களுள் ஒன்று. இந்தோனேசியாவில் 2006இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த யோக்யகார்த்தா கோட்பாடுகள், அவ்வழக்கின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் எடுத்தாளப்பட்டன. அயல்நாட்டுக் கருத்துகள் இந்தியப் பண்பாட்டைக் குலைக்கின்றன என்று அப்போது எழுந்த கூக்குரல், 377ஆம் பிரிவே 1860இல் ஆங்கிலேயர் இயற்றியது என்பதை வசதியாக மறந்தது. பேரரசின் பிற பகுதிகளிலும் விதிக்கப்பட்ட அச்சட்டத்தின் வாரிசுகள் இலங்கையிலும் மலேசியாவிலும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அந்நாடுகளின் தமிழர்களும் அவற்றுக்கு உட்பட்டே வாழ்கிறார்கள்.

இத்தனை பேசப்பட்ட பிறகும், பெண்களை நேசிக்கும் பெண்களும், பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் இவ்வரலாற்றில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. தொற்று அபாயம் குறைந்தவர்கள் என்று கருதப்பட்டமையால் அவர்களுக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. ஆகவே அறையும் களப்பணியாளர் வேலையும் அரசு அலுவலரைச் சந்திக்கும் வாய்ப்பும் அவர்களை எட்டவில்லை. அவர்களை அழுத்திய துன்பங்களான வீட்டுச்சிறை, கட்டாயத் திருமணம், மகளைக் காணவில்லை என்று பெற்றோர் கொடுக்கும் புகாரின் பேரில் காவல்துறை நடத்தும் வேட்டை ஆகியவை எந்தச் சுகாதார அறிக்கையின் கட்டத்திலும் அடங்குபவை அல்ல. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையே, இத்தகைய இணையரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்றும், ஒருவருடைய ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் ‘சிகிச்சைகள்’ தடை செய்யப்பட வேண்டும் என்றும் தெளிவாக வலியுறுத்தியது. எய்ட்ஸ் தடுப்புக்கான முதல் கடன் வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

எல்லை கடந்து வருவது உதவி மட்டுமன்று. உகாண்டாவில் தற்பாலீர்ப்புக்கு எதிரான சட்டங்களுக்குத் தூபமிட்டவர்களுள் 2009இல் கம்பாலாவில் கருத்தரங்கு நடத்திய அமெரிக்க மதப்பரப்புநரும் உண்டு. மறுபுறம், இத்தகைய சட்டமுள்ள நாடுகளுக்கு உதவியைக் குறைப்பதாகப் பிரித்தானிய அரசு 2011இல் அறிவித்தபோது, அதன் பழி தங்கள் தலையிலேயே விழும் என்று ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்களே எதிர்த்தார்கள். தம் பொருட்டு எடுக்கப்படும் முடிவில் தமக்கே பங்கில்லை என்ற அவர்களுடைய முறையீடு இங்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் ஹைதராபாத், கல்யாண், புணே நகரங்களில் யுஎஸ்எய்ட் நிதியால் இயங்கிய திருநர் மருத்துவ மையங்கள் மூடப்பட்டன. ஒரு தலைநகரில் இடப்பட்ட கையெழுத்து, இன்னொரு கண்டத்தில் ஒருவருடைய மருந்தை நிறுத்தும் நிலையை நலத்திட்டம் என்று அழைக்க இயலாது.

திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த தமிழ்நாடு, அடுத்த அடியைத் தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு பாதுகாப்பு இல்லம், அதில் திருநம்பிகளுக்கும் தற்பாலீர்ப்புப் பெண்களுக்கும் உறுதியான இடம், நிதியைப் பங்கிடும் குழுவில் அவர்களுக்கு வாக்குரிமை ஆகிய மூன்றையும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்குமாறு இவ்விதழ் அரசைக் கேட்டுக்கொள்கிறது.