தன்னாட்சி திருச்சி வரை வர வேண்டும்

உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1994 ஜூன் 1 அன்று, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைத் திருச்சியோடு சேர்த்துத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைக்கப்பட்டது. குடிநீர், சாலை, துப்புரவு, தெருவிளக்கு, சுடுகாடு என நகர வாழ்வின் பெரும்பகுதியை அந்தத் திருத்தம் 18 பணிகளாக வகுத்து நகரங்களின் பொறுப்பாகக் காட்டியது. ஆனால் பணிகளைக் காட்டிய அளவுக்குப் பணத்தை அது காட்டவில்லை. எந்த வரியை நகரம் விதிக்கலாம், எவ்வளவு விதிக்கலாம் என்பது மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கே விடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை மாறவில்லை. அதை மாற்ற வேண்டும்.

மாநகராட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்து வரி. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 2008-க்குப் பிறகு நெடுங்காலம் அது பொதுவாகச் சீராய்வு செய்யப்படவில்லை. 2018-இல் உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது; 2019 நவம்பரில் அந்த உயர்வை அரசே நிறுத்திவைத்தது. பிறகு 2022 ஏப்ரலில் ஒரே மூச்சில் ஏற்றம் வந்தது. திருச்சி போன்ற நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கும் 100. உள்ளாட்சித் தேர்தல் நடந்தது அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்றுதான். பொறுப்பேற்று ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத மன்றங்களின் முன் இந்த விகிதங்கள் முடிந்த முடிவாக வைக்கப்பட்டன. இதற்குப் பின்னால் 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையும் இருந்தது: சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவித்து, வசூலை மாநில உற்பத்தியின் வளர்ச்சிக்கு ஈடாக உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம். நிபந்தனை டெல்லியுடையது, ஆணை சென்னையுடையது, வசூல் திருச்சியுடையது. வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உறையூர்க்காரரோ தில்லைநகர்க்காரரோ கேள்வி கேட்பது மட்டும் தம் வார்டு கவுன்சிலரிடம்.

வரியை ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பது மக்களுக்குச் செய்யும் சலுகைபோலத் தோன்றும். உண்மையில் அது வரி கட்டும் குடும்பத்தையும் நகரத்தையும் ஒருசேர வஞ்சிக்கிறது. விலைவாசியோடு சிறிது சிறிதாக ஏற வேண்டியது ஏறாமல் நின்று, ஒருநாள் இரட்டிப்பாக வந்து இறங்குகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் போடப்படாத சாலைக்கும் மாற்றப்படாத குழாய்க்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை.

மற்ற வரிகளின் நிலை இன்னும் மோசம். தொழில் வரிக்கு ஆளொருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை 1988-இல் 60-ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. அன்று அது கணிசமான தொகை. இன்றைக்கும் அதே 2,500தான். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது விளம்பர வரியும் நகரங்களின் கையைவிட்டுப் போனது. இந்தியாவில் நகராட்சிகளின் மொத்த வருவாய் நாட்டின் உற்பத்தியில் சுமார் ஒரு விழுக்காட்டிலேயே தேங்கிக் கிடக்கிறது என்றும், பிரேசிலில் அது 7 விழுக்காட்டுக்கு மேல் என்றும் ரிசர்வ் வங்கியின் 2022 அறிக்கை கூறுகிறது.

பொன்மலை இதில் ஒரு தனிக் கணக்கு. ரயில்வே பணிமனையும் குடியிருப்புகளும் நகருக்குள்ளேயே பெரும் பரப்பில் விரிந்திருக்கின்றன. ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி விதிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு. ஆனால் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஏற்பாடு, சேவைக் கட்டணம் வாங்க வழி செய்தது. நகரத்தின் சேவைகளை முழுதாகப் பெற்றால் சொத்து வரியில் 75 விழுக்காடு, ஓரளவு பெற்றால் 50, எதையும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. திருச்சியில் உள்ள ஒன்றிய அரசுச் சொத்துகள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கட்டணம் எவ்வளவு, எவ்வளவு வந்தது, எவ்வளவு நிலுவை என்று மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிடுவதே முறை. சிறு கடைக்காரரின் நிலுவைக்கு நோட்டீஸ் ஒட்டும் நிர்வாகம், பெரிய இடத்துக் கணக்கையும் அதே வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

இதே தமிழ்நாடு, டெல்லியிடம் நிதி உரிமை கேட்பதில் நாட்டுக்கே முன்னோடி. அந்த வரலாற்றில் திருச்சிக்கும் இடமுண்டு. தேர்தலில் நிற்பது என்று தி.மு.க. முடிவெடுத்தது 1956-இல் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில்தான். திராவிட நாடு கோரிக்கையை அண்ணா 1963-இல் கைவிட்டார். அதன்பின் விவாதம் பிரிவினையைப் பற்றியதாக இல்லாமல் அதிகாரப் பங்கீட்டைப் பற்றியதாக மாறியது. 1969-இல் ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டு 1971-இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காடு கொண்ட மாநிலத்துக்கு, மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரியில் 15-ஆவது நிதிக்குழு கொடுத்த பங்கு 4.079 விழுக்காடு. 12-ஆவது நிதிக்குழுவின் காலத்தில் அது 5.305. செஸ், கூடுதல் தீர்வை எனத் திரட்டப்படும் தொகையோ பங்கீட்டுக்கே வருவதில்லை.

ஆனால் ஒன்றியம் மாநிலத்துக்குச் செய்வதை மாநிலம் நகரத்துக்குச் செய்யலாமா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சி மன்றத்துக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஐந்தாண்டுகளுக்கு மேல் திருச்சியின் வரவு செலவைத் தீர்மானித்தவர்கள் திருச்சி மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. டெல்லி இப்படி ஒரு சட்டமன்றத்தை ஐந்தாண்டு பூட்டிவைத்தால் தமிழ்நாடு பொறுத்துக்கொள்ளாது.

ஸ்காட்லாந்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 2014 செப்டம்பர் 18 அன்று தனிநாடு குறித்து அங்கே நடந்த வாக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றும் 45 விழுக்காட்டினர் வேண்டும் என்றும் வாக்களித்தனர். வட கடல் எண்ணெய் வருவாய் யாருக்கு, லண்டன் தரும் நிதி ஒதுக்கீடு நியாயமா, வரி விதிக்கும் அதிகாரம் எடின்பரோவுக்கு எவ்வளவு என்பவையே விவாதத்தின் நடுவில் இருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு வருமான வரி விகிதங்களை முடிவுசெய்யும் அதிகாரத்தை விரித்துக் கொடுத்தது. இந்த உரிமைக்காகப் போராடிய ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் அரசுதான், தன் கீழுள்ள 32 உள்ளாட்சிகளின் வீட்டு வரியை 2008 முதல் ஒன்பது ஆண்டுகள் உயர விடாமல் வைத்திருந்தது. 2024–25-இல் மீண்டும் ஒருமுறை உயர்வை நிறுத்தியது. ஈட்டுத்தொகை கொடுத்தது உண்மை. அந்தப் பணத்தோடு உள்ளாட்சிகளின் முடிவெடுக்கும் உரிமை எடின்பரோவுக்குப் போய்விட்டது. அங்கே வீடுகளின் மதிப்பு இன்றும் 1991 நிலவரப்படியே கணக்கிடப்படுகிறது. பெரிய வீட்டுக்காரர்களே இந்த நிறுத்தத்தால் அதிகம் பயனடைந்தார்கள் என்ற விமர்சனத்துக்குத் திருப்தியான பதில் வரவில்லை. அதிகாரத்தை மேலிருந்து பெற்றவர்கள் தாமாகவே அதைக் கீழே பகிர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு எடின்பரோவிலும் ஆதாரம் இல்லை, சென்னையிலும் இல்லை.

கவுன்சிலர்கள் கையில் வரி அதிகாரத்தைக் கொடுத்தால் வாக்குக்கு அஞ்சி உயர்த்த மாட்டார்கள், கிடைக்கும் பணமும் ஒழுங்காகச் செலவாகாது என்பது வழக்கமான ஆட்சேபம். வாக்குக்கு அஞ்சி 2019-இல் உயர்வை நிறுத்தியது மாநில அரசு, கவுன்சிலர்கள் அல்லர். அன்று கவுன்சிலர்களே இல்லை. செலவில் ஒழுங்கு வருவது, கட்டுகிறவர் கண்முன் கணக்கு இருக்கும்போதுதான். மாநகராட்சி எல்லையை விரிக்கும் திட்டம் வந்தபோது அதவத்தூர் போன்ற ஊராட்சிகளில் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்ததற்குக் காரணம் நூறு நாள் வேலை போய்விடும் என்ற அச்சம் மட்டுமல்ல. வரி கூடும், வசதி வராது என்ற எண்ணமும் அதில் இருந்தது. தனி நகராட்சியாக இருந்து ஒரு மண்டலமாகிவிட்ட ஸ்ரீரங்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் எழுவது இயல்பு. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார்கள். வழிபாட்டு இடங்களுக்குச் சொத்து வரி இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் குவியும் குப்பையை அள்ளுவதும், தண்ணீரும் தற்காலிகக் கழிப்பறையும் ஏற்பாடு செய்வதும் மாநகராட்சியின் தலையில் விழுகின்றன. மாநிலம் முழுவதற்கும் பொதுவான விழாவின் செலவுக்கு மாநிலம் தனி ஒதுக்கீடு தர வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய அரசியலமைப்புப் புரட்சிகள் அல்ல. தொழில் வரி வரம்பை நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. மற்றவை அனைத்தும் சென்னையிலேயே முடியும். சொத்து வரியின் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் சட்டம் சொல்லட்டும், இடையில் விகிதத்தை நிர்ணயிப்பது மன்றமாக இருக்கட்டும். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குத் தரும் சொந்த வரி வருவாயின் பங்கு, பிடித்தங்கள் இல்லாமல் குறித்த நாளில் வந்துசேர வேண்டும். 2022 விதிகளின்படி அமைந்த வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் மனு வாங்கும் கூட்டங்களாக நின்றுவிடாமல், வார்டில் வசூலான வரியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யும் உரிமை பெற வேண்டும். மன்றத்தின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. இம்முறை ஒருநாள்கூடத் தாமதமின்றித் தேர்தல் நடக்கும் என்று மாநில அரசு இப்போதே உறுதி தர வேண்டும்.