எது பொது ஒழுங்கு?

தடுப்புக் காவல் ஆணைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு பத்தி மனப்பாடமாகியிருக்கும். கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார், தட்டிக் கேட்டவர்களை மிரட்டினார், பொதுமக்கள் அலறியடித்து ஓடினர், கடைகள் அடைக்கப்பட்டன, போக்குவரத்து தடைபட்டது. ஊர் மாறும், பெயர் மாறும், பறித்த தொகை மாறும். இந்தப் பத்தி மாறாது. குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாடு சட்டப்படி ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்க இந்தப் பத்திதான் அச்சாணி. வழிப்பறிக்கு முதல் தகவல் அறிக்கை உண்டு, ரிமாண்ட் உண்டு, தண்டனையும் உண்டு. அதற்கும் மேலே போக வேண்டுமானால் ‘பொது ஒழுங்கு’ குலைந்ததாகக் காட்டியாக வேண்டும். ஓடிய கூட்டமும் அடைத்த கடைகளும் அதற்காகவே ஆணைக்குள் வருகின்றன.

குழப்பத்தையும் அமைதிக் குலைவையும் குறிக்க ஆங்கிலச் சட்டமொழியில் சொற்கள் பல. அவற்றில் சிலவற்றுக்கு அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆம் பிரிவில் சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஐந்து பேராவது வேண்டும். அந்தக் கூட்டம் தன் நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால் 191ஆம் பிரிவின்படி கலகம். பொது இடத்தில் இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தாலே 194ஆம் பிரிவின் கைகலப்பு. இவற்றைச் சாட்சியம் வைத்து நிரூபிக்கலாம், குறுக்கு விசாரணையில் உடைக்கலாம். பொது ஒழுங்குக்கு இப்படித் தலைக்கணக்கு கிடையாது. அதன் பொருளைத் தீர்ப்புகளில்தான் தேட வேண்டும்.

1965இல் ராம் மனோகர் லோகியாவை அடைத்த பாட்னா மாவட்ட ஆட்சியர், விதியில் ‘பொது ஒழுங்கு’ என்றிருந்த இடத்தில் தம் ஆணையில் ‘சட்டம் ஒழுங்கு’ என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதானே என்றது அரசு. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; லோகியா விடுதலையானார். நீதிபதி இதயத்துல்லா அந்தத் தீர்ப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் சிறியதாக நாட்டின் பாதுகாப்பு. குடித்துவிட்டு இருவர் சண்டையிட்டால் அது பெரிய வட்டத்தோடு முடிந்தது. அவர்கள் பகைமை கொண்ட இரு சமூகத்தினராக இருந்து, ஒருவர் வகுப்பு உணர்வைத் தூண்ட முயன்றால் பொது ஒழுங்கு குலையும் என்ற அச்சம் எழும். 1970இல் அருண் கோஷ் வழக்கில் அவரே இன்னும் கூர்மையாகச் சொன்னார்: செயல் எவ்வளவு கொடியது என்பது அளவுகோல் அல்ல, அந்த வட்டாரத்து மக்களின் அன்றாட ஓட்டத்தை அது எந்த அளவுக்குக் குலைத்தது என்பதே கேள்வி.

தமிழ்நாட்டுச் சட்டம் இந்தக் கோட்டை மங்கச் செய்யப் பார்க்கிறது. 2(அ) பிரிவின் விளக்கத்தின்படி, பொதுமக்களில் ஒரு பகுதியினருக்கு அச்சமோ பாதுகாப்பின்மை உணர்வோ ஏற்பட்டாலே பொது ஒழுங்கு பாதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அரசு வழக்கறிஞர் முதலில் கையிலெடுப்பது இதைத்தான். நம்மிடம் பதில் இல்லாமல் இல்லை. இதே போன்ற விளக்கம் கொண்ட தெலங்கானா சட்டத்தை 2021இல் பாங்கா சினேகா ஷீலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. பேச்சுரிமைக்கான கட்டுப்பாட்டைப் பேசும் அரசியலமைப்பின் 19(2)இல் பொது ஒழுங்குக்கு விரிந்த பொருள் கொள்ளலாம். தடுப்புக் காவலில் அது கூடாது, சமூகமே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி நாரிமன் எழுதினார். முதலீட்டு மோசடிப் புகார்களில் ஜாமீன் பெற்றவரை அடைத்த ஆணை ரத்தானது. காலாவதி மருந்து விற்பனை தொடர்பாக நம் மாநிலத்திலிருந்தே போன ரேகா வழக்கில், சாதாரணச் சட்டம் போதுமென்றால் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று 2011இலேயே சொல்லியாயிற்று.

இத்தனை இருந்தும் நம் ஆட்கொணர்வு மனுக்களில் இந்த வாதம் பெரும்பாலும் கடைசி வரிசையில் நிற்கிறது. அரசு முறையீட்டின் மீது முடிவெடுத்ததில் தாமதம், தமிழாக்கப் பிழை, வாசிக்க முடியாத நகல்: இவற்றில் ஒன்று பலித்தால் போதுமென்று இருந்துவிடுகிறோம். கட்சிக்காரர் வெளியே வர வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாமதத்துக்காக ரத்தாகும் ஆணை அந்தப் பத்தியைத் தொடாமலேயே போகிறது. அடுத்த மாதம் வேறொருவர் பெயரில் அதே வாசகம் வருகிறது, யாரும் அதைக் கேள்வி கேட்டிராததால்.

அதை உடைப்பது கடினமல்ல. ஆணையோடு தரப்படும் புத்தகத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பவம் நடந்த நேரம் என்ன? இரவு பதினொன்றரைக்கு எந்தக் கடை திறந்திருந்தது, அடைப்பதற்கு? பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் கடைகள் இருக்கின்றனவா? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு வாக்குமூலங்களில் ஒரு கடைக்காரரேனும் பேசியிருக்கிறாரா? முதல் புகாரில் ஓடிய கூட்டம் உண்டா, அல்லது காவல் ஆய்வாளரின் உறுதிமொழிப் பத்திரத்தில்தான் முதன்முதலாக ஓடுகிறதா? புகார்தாரர் ஒருவரைத் தவிர யாருக்கும் எதுவும் நேரவில்லை என்று ஆவணங்களே சொன்னால், லோகியா தீர்ப்பின் பெரிய வட்டத்தைத் தாண்டிப் போக ஆணைக்கு வழியில்லை. தமிழ் நகலில் பொது ஒழுங்கு வரவேண்டிய இடத்தில் சட்டம் ஒழுங்கு என்று வந்திருந்தால் அதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாகப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். ஆணையிட்டவர் எந்த வட்டத்தை மனத்தில் வைத்திருந்தார் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

உயர் நீதிமன்றம் வரை காத்திருக்கவும் வேண்டாம். அறிவுரைக் கழகத்தின் முன் காவலில் இருப்பவருக்காக வழக்கறிஞர் ஆஜராக உரிமையில்லை. அவர் தனியாக நிற்கிறார். பலருக்கு அங்கே என்ன பேசுவதென்றே தெரியாது. அரசுக்கும் கழகத்துக்கும் நாம் எழுதித் தரும் முறையீடு ஒன்றுதான் அந்த அறைக்குள் அவருக்காகப் பேசும். பொது ஒழுங்கு குலையவில்லை என்பதை, அந்தக் கடைகளையும் அந்த நேரத்தையும் குறிப்பிட்டு, அதன் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.